மலையும் பூவும் நானும்

என் கணவர் கஜியுரா படம் வரையப் போன இடத்துக்கெல்லாம் சோற்றுருண்டையும் மடக்கு நாற்காலியும் சுமந்துகொண்டு கூடவே போனவள் நான். மலையை வரைந்தார், பியோனிப் பூவை வரைந்தார், பூவில் உட்கார்ந்த ஈயைக்கூட வரைந்தார். என்னை மட்டும் வரையவில்லை. "மனுஷங்கள நான் வரையறதில்ல" என்பார். அந்த ஈ செய்த புண்ணியத்தை நான் செய்யவில்லை போலும்.

அவருக்கு எண்பது வயது ஆனதும், அவர் வாழ்நாளில் வரைந்த படங்களையெல்லாம் திரட்டி ஊர்க் கலைக்கூடத்தில் கண்காட்சி வைத்தார்கள். யார் யார் வீட்டுச் சுவரிலிருந்தோ வந்த படங்கள். ஏதாவது ஒன்றிலாவது நான் இருப்பேனோ என்று எனக்கு ஒரு நப்பாசை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதற்காகவே நல்ல கிமோனோவைக் கட்டிக்கொண்டு போனேன். சல்லடை போட்டுத் தேடியும் ஒரு மனுஷி அகப்படவில்லை.

கலைக்கூடத்து அதிகாரி நிஷிவாகி கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"இந்த நோரிகுரா மலைப் படத்துல கீழ வலது மூலையப் பாருங்க. ஒண்ணுமே வரையல, வெறும் காகிதம். இதுதான் ஐயாவோட மௌனம். நெறைய படத்துல இது இருக்கு."

எல்லோரும் பக்தியோடு தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் வரைந்த அன்று அந்த மூலையில் ஒரு கல் கிடந்தது. அதில் உட்கார்ந்து சோற்றுருண்டை தின்றபடி, பக்கத்து வீட்டுக்காரியை மாலை வரை திட்டித் தீர்த்தவள் நான். மௌனமாம் மௌனம்.

கணவரை ஓரமாக இழுத்தேன். "அது நான் உக்காந்த இடங்க. என்னை வேணும்னே விட்டுட்டீங்களா?"

"விடல. எத்தனையோ தடவை ஆரம்பிச்சேன்," என்றார் தரையைப் பார்த்தபடி. "காத்துல ஆடுற பூகூட திரும்பி அதே இடத்துக்கு வரும். நீ வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். கடைசி வரைக்கும் சரியா வரல. அந்த எடத்துல வேற எதையும் வரைய மனசும் வரல."

இத்தனை வருடமும் இதைச் சொல்ல இந்த மனிதருக்கு என்ன கேடு? போய்ப் படத்தின் முன்னால் நின்று அந்த வெள்ளை மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிஷிவாகி குனிந்து வணங்கினார். "அம்மா, தப்பா நெனைக்காதீங்க. கொஞ்சம் தள்ளி நின்னா நல்லாருக்கும். வெற்றிடம் மறையுது."

"அவள நகரச் சொல்லாதீங்க நிஷிவாகி," என்றார் என் கணவர் தாழ்ந்த குரலில். "அவ அசையாம நிக்கறது இதுதான் மொதல் தடவை. பென்சில் இருந்தா சீக்கிரம் குடுங்க."