குழாய் வழியே வந்த சுடர்

சலவை ஆலையின் பாய்லரில் எரிந்துகொண்டிருந்த சுடர், கேஸ் குழாய்க்குள் பின்னோக்கி நடந்து, இரண்டு தெருக்களைக் கடந்து, பாய்லர்காரியின் வீட்டுச் சமையலறையில் வந்து உட்கார்ந்தபோது, அவளுடைய மாமியார் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். வெடிச் சத்தம் எதுவும் இல்லை. அடுப்பு லேசாக இருமியது, அவ்வளவுதான்.

அதற்கு முந்தைய மழைக்காலம் வரை ஆலையில் வெறும் கேஸ்தான். அந்தச் சுடர் நீலமாக, பார்வைக்கு லட்சணமாக இருக்கும். காற்றைக் கொஞ்சம் கூட்டினால் பர்னரின் வாயை விட்டு எழும்பி, தள்ளாடி, அணைந்துவிடும். பிறகு கேஸில் ஹைட்ரஜன் கலந்தார்கள். சுடர் குட்டையாகிப் பர்னரை இறுகப் பிடித்துக்கொண்டது. கலவை கூடக்கூட நிறம் வெளுத்து, பகலில் கண்ணுக்கே தெரியாமல் போனது. கரிப்புகை குறைந்தது. ஆனால் முன்னைவிடச் சூடு. அந்தச் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனும் எரிந்து வேறொரு நச்சுப்புகையாகி, உலர்த்தும் அறையின் வெள்ளை விரிப்புகளை மஞ்சளாக்கியது. பாய்லர்காரி காற்றை நிறையத் திறந்துவிட்டாள். பழைய சுடர் என்றால் செத்திருக்கும். இது அத்தனை காற்றிலும், அவ்வளவு குறைந்த கேஸிலும் விடாமல் எரிந்தது. சூடு தணிந்தது, விரிப்புகள் மறுபடி வெள்ளையாக வந்தன. அதன் பக்கம் போகிறவர்கள் மட்டும் நீளத் துடைப்பம் ஒன்றை முன்னால் நீட்டியபடி நடந்தார்கள். துடைப்பம் பற்றிக்கொண்டால், சுடர் அங்கே இருக்கிறது என்று அர்த்தம்.

பாய்லர்காரியின் கணவன் வேறொருத்தியோடு போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. அவனுடைய அம்மா இவளோடுதான் இருந்தார். அவன் போனபோது இவள் அழவில்லை, யாரிடமும் புலம்பவில்லை. கல்நெஞ்சக்காரி என்று தெருவில் சொன்னார்கள். மாமியாரும் ஓரளவு அதை நம்பினார். சுடர் வந்த அன்று காலை, மகனிடமிருந்து தகவல் வந்திருப்பதாகச் சொன்னார்.

“அவன் வந்து கூட்டிட்டுப் போறானாம். உனக்கும் ஒரு பாரம் கொறையும்மா.”

“சரி அத்தை,” என்றாள்.

சொல்ல நினைத்தது அது இல்லை. நினைத்தது ஆலை வாசல் வரை அவளோடு கூடவே வந்தது. அன்று துணி குறைவு. பழைய சுடருக்கு வருஷக்கணக்காகச் செய்து பழகியதைப் போலவே, கை தானாகப் போய் வால்வைத் திருகி, கேஸை மெல்லிய மூச்சளவுக்குக் குறைத்தது. புதிய சுடருக்கு அவசரம் அதிகம். கேஸ் வந்து சேரும் வேகத்தைவிட அது எரியும் வேகம் கூடியதும், கேஸ் எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டு அது குழாய்க்குள் இறங்கியது. சுடர் பின்னால் போகாதபடி வழியில் வைத்திருந்த தடுப்பு வலை முன்னால் சற்று யோசித்துவிட்டு மேற்கொண்டு நடந்தது.

துடைப்பத்தை நீட்டியும் பற்றாத பர்னரைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது; அதே குழாயின் கிளைதான் அவள் வீட்டு அடுப்புக்கும் போனது. துடைப்பத்தோடு வீட்டுக்கு ஓடினாள்.

“அத்தை, அசையாதீங்க!”

“என்னம்மா, பாம்பா?”

“சுடர். ஆலையிலேருந்து வந்திருக்கு.”

“வந்தது கதவைத் தட்டிட்டு வரக் கூடாதா?”

கணவன் முன்பு உட்கார்ந்து சாப்பிட்ட முக்காலிக்கு மேலே துடைப்பத்தின் நுனி பற்றிக்கொண்டது. முக்காலியை அது எரிக்கவில்லை. மாமியார் அந்தக் காலி இடத்தை வெகுநேரம் பார்த்தார்.

“உன்னை மாதிரியேதான் இருக்கு. பார்த்தா ஒண்ணும் தெரியல, கிட்ட போனாத்தான் சுடுது.”

மருமகள் துடைப்பத்தைத் தண்ணீரில் முக்கினாள். முகத்தைத் திருப்பாமலே, “போகாதீங்க அத்தை,” என்றாள். “இது எங்க இருக்குன்னு சொல்றதுக்கு வீட்டுல ஒரு ஆள் வேணும்.”

மாமியார் மூட்டையைப் பாதியில் விட்டுவிட்டு, காய் நறுக்க உட்கார்ந்தார்.

மகன் அன்று வரவில்லை. ஆலையிலிருந்து வந்தவர்கள் குழாயை அடைத்தார்கள். சுடர் கேஸ் இல்லாமலே எரிந்தது. கருவியை நீட்டி அளந்துவிட்டு, கரிப்புகை இல்லை, மற்ற நச்சுப்புகைக்கு ஜன்னலைத் திறந்தே வையுங்கள் என்று சொல்லிப் போனார்கள். சுடர் விட்ட நீராவி கூரையில் சதா நீராகத் துளிர்த்துச் சொட்டியது. மூட்டையிலிருந்து முதலில் சீப்பு வெளியே வந்தது, பிறகு மூக்குக்கண்ணாடி, பிறகு புடவைகள். கடைசியில் மூட்டை கட்டிய துணி கூரையைத் துடைக்கப் போனது. காலையில் முதலில் எழுந்தவர் துடைப்பத்தோடு போய், “இன்னைக்கு இடது பக்கம் சாஞ்சிருக்கு,” என்று மற்றவருக்குச் சொல்வார். அதிலிருந்து பேச்சு எங்கெங்கோ போகும். பழைய விஷயங்களுக்கும் போகும். மருமகள் ஒருமுறை அழவும் செய்தாள்.

மகன் வந்தபோது அவனுக்குத் தலை நரைத்திருந்தது. நேரே சமையலறைக்குள் போய், தன் முக்காலியை இழுக்கக் கை நீட்டினான்.

“அதுல உக்காராதடா,” என்றார் அம்மா, “ஆள் இருக்கு.”

அவன் காலி முக்காலியைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான்.

“கிளம்பலாமாம்மா?”

“இதை விட்டுட்டு எப்படிடா வர்றது? இதுக்குக் காத்து விடுறது யாரு?”

கொடுத்த டீயை அவன் நின்றபடியே குடித்தான். சுடரோடு மூன்று பேரும் மூச்சுவிடும் அறையாகிவிட்டதால், மருமகள் ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்துவைத்தாள்.