தேர்வு அறைக்குள் சொந்தக்காரர்கள்

அக்காவின் தட்டச்சு வேலை தற்காலிகமானது. நிரந்தரமாக வேண்டுமானால், ஆங்கிலத்தைச் சொல்லச் சொல்லக் கையால் எழுதும் தேர்வில் தேற வேண்டும். இரண்டு முறை கவிழ்ந்தாயிற்று. மூன்றாவதிலும் கவிழ்ந்தால் நாளையிலிருந்து அந்த நாற்காலி வேறொருவருக்கு. அம்மாவின் மாத்திரை, என் கல்லூரி, அத்தானின் தன்மானம் எல்லாம் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தன.

அவளைக் கவிழ்த்தவை ஒரே ஓசையுள்ள சொற்கள். காத்திருப்பதும் வெயிட், கனமும் வெயிட். வாரமும் வீக், பலவீனமும் வீக். காதுக்கு ஒன்று, கைக்கு இரண்டு.

ஆகவே எழுத்து மாறாமலிருக்க ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சொந்தக்காரரை நியமித்தோம். கனம் என்றால் சித்தி. வாரம் என்றால், வந்தால் ஏழு நாள் அசையாத சித்தப்பா. காத்திருப்பு, பலவீனம் இரண்டுக்கும் வேலை தேடிக்கொண்டே இருக்கும் அத்தான்.

“மட்டமான அர்த்தத்துக்கெல்லாம் நான்தானா மச்சான்?”

“கைக்கெட்டின ஆள் நீங்கதானே அத்தான்.”

“நடத்து, நடத்து.”

சமையலறையில் நான் படிக்க அக்கா எழுதினால் ஒரு பிழைகூட வராது. ‘கனம்’ வந்ததும் சித்தி போட்ட பழைய சண்டையை ஒரு சுற்று சொல்லித் தீர்ப்பாள், பிறகு எழுதுவாள். அதுவரை நான் பொறுத்திருப்பேன்.

அக்காவின் அலுவலகத்திலேயே இருந்த தேர்வு அறையில் அதிகாரி பொறுக்கவில்லை. குழாயைத் திறந்துவிட்டது போலப் படித்துக்கொண்டே போனார். ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். அக்காவின் பேனா ஓடியது, நின்றது. உதடு அசைந்தது: சித்தி. எழுதி நிமிர்வதற்குள் இரண்டு வரி போய்விட்டது. விழுந்தடித்துப் பிடித்தாள். மறுபடி பேனா நின்றது. இந்த முறை அத்தான்.

“அவரை விட்டுட்டு எழுதுக்கா,” என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தேன்.

காவலாளி தோளைத் தட்டினார். “பரீட்சை உனக்கா தம்பி, அவங்களுக்கா?”

“குடும்பத்துக்கே அண்ணே.”

அதிகாரி தாளை அங்கேயே திருத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“எழுதின சொல்லெல்லாம் சரிதாம்மா. ஒண்ணுகூடத் தப்பில்ல. நடுவுல வாக்கியத்தைத்தான் காணோம்.”

“இன்னொரு தடவை மெதுவா படிச்சீங்கன்னா சார்... ஒரே ஒரு தடவை...”

“மெதுவா படிச்சா எல்லாரும் தேறிடுவாங்களேம்மா.”

அக்கா வெளியே வந்தாள். “சித்தி உள்ள வந்துட்டா போக மாட்டேங்கிறாடா. பேசிக்கிட்டே இருக்கா.”

அவள் கையிலிருந்த பேனாவை வாங்கி மூடினேன்.

“அத்தான் எங்கே?” என்று கேட்டாள்.

“சாப்பாடு எடுத்துக்கிட்டு வாசல்ல நிக்கிறார். என்ன சொல்லட்டும்?”

“ஒண்ணும் சொல்லாதே. சாயங்காலம் வரைக்கும் அது என் நாற்காலிதானே?”

அவள் அடுத்த அறைக்குப் போய்த் தன் தட்டச்சுப் பொறியின் முன் உட்கார்ந்தாள். காலையில் பாதியில் விட்டிருந்த அலுவலகத் தாளைப் பக்கத்தில் நிறுத்தி, பார்த்துப் பார்த்து அடிக்கத் தொடங்கினாள். பார்த்து அடிக்கும்போது சொந்தக்காரர்கள் யாரும் குறுக்கே வருவதில்லை. என்ன வேகம்!