இன்ஸ்பெக்டர் ஆமையைச் சாகடித்தவன்

கோடை விடுமுறையில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு திண்டாடும் பெற்றோருக்கு அந்த நூலகம் ஒரு வரப்பிரசாதம். காலையில் தள்ளிவிட்டால் மாலையில் வந்து பொறுக்கிக்கொள்ளலாம். நடுவில் பிள்ளைகள் படிப்பார்கள், கதை எழுதுவார்கள், நூலகர் அக்காவிடம் திட்டு வாங்குவார்கள். "சத்தம் போடாதீங்க!" என்று அந்த அக்கா போடும் சத்தத்தில்தான் எதிர்க்கடை நாய் தினமும் தூங்கி எழும்.

அங்கே பூச்சி என்றொரு பெண். புத்தகப் பூச்சி என்று வீட்டில் கூப்பிடப் போய், நாளடைவில் புத்தகம் உதிர்ந்து பூச்சி மட்டும் நின்றுவிட்டது. சாப்பிடும்போது படிப்பாள், பல் தேய்க்கும்போது படிப்பாள், ஒன்றும் கிடைக்காவிட்டால் பற்பசைக் குழாயைப் படிப்பாள். அவளுக்கு ஒரே ஓர் ஆசைதான். தான் எழுதிய கதை அந்த நூலகத்து அலமாரியில் உட்கார வேண்டும்.

அந்தக் கோடையில் அதற்கு வழி பிறந்தது. புத்தகங்களுக்கு அட்டை போடுகிற பழுப்புத் தாளை நூலகர் அக்கா பெரிய சுருளாக வாங்கி வந்தார். ஆறு பிள்ளைகள், ஒரே கதை. ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் தொடர வேண்டும். எழுத எழுதத் தாளை அவிழ்த்துச் சுவரைச் சுற்றி ஒட்டிக்கொண்டே போவார்கள். கடைசி நாள் மாலை எல்லாப் பெற்றோர் முன்னாலும் அக்கா முழுக் கதையையும் வாசிப்பார். பிறகு அது வெட்டித் தைக்கப்பட்டு, புத்தகமாகி, அலமாரிக்குப் போகும்.

"ஒரே ஒரு சட்டம்தான்," என்றார் அக்கா. "எழுதினது எழுதினதுதான். அடிக்கக் கூடாது, அழிக்கக் கூடாது. 'ஐயோ அக்கா, இவன் கதையைக் கெடுத்துட்டான்'னு என்கிட்ட வந்து மூக்கைச் சிந்தக் கூடாது."

சீட்டுக் குலுக்கியதில் பூச்சிக்கு ஐந்தாவது இடம். அவளுக்கு அடுத்து, கடைசியாக வாலு. இவன் அவளுடைய சித்தி பையன், அவளைவிட இரண்டு வயது சின்னவன். லீவுக்கு வந்த இடத்தில் வீட்டுக் குழாயைக் கழற்றிப் போட்டதால், பூச்சியின் அம்மா அவனைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக நூலகத்துக்கு அனுப்பிவைத்தாள். புத்தகத்தைக் கண்டாலே அவனுக்குக் கொட்டாவி வரும்.

முதல் நாள். ஊரிலுள்ள கடிகாரங்களை எல்லாம் ஒரு திருடன் சுருட்டிக்கொண்டு போய்விட்டதாக முதல் நாலு பேரும் எழுதி முடித்தார்கள். பூச்சி கதாநாயகனை இறக்கினாள். இன்ஸ்பெக்டர் ஆமை! திருடன் தப்பி ஓடி, வீடு பார்த்து, குடித்தனம் ஆரம்பித்த பிறகுதான் நம் இன்ஸ்பெக்டர் சம்பவ இடத்துக்கே வந்து சேருவார். ஊரில்தான் கடிகாரமே இல்லையே, அவர் தாமதமாக வந்தது யாருக்குத் தெரியும்? எழுதிவிட்டுப் பூச்சி தானே சிரித்துக்கொண்டாள். அந்த ஆமை மேல் அவளுக்கு அப்படியொரு செல்லம்.

அடுத்து வாலு எழுதினான். "ஆமை மாடியிலிருந்து விழுந்து செத்தது."

கேளுங்கள் அநியாயத்தை! பிறந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

மறுநாள் மற்ற நாலு பேரும் பிணத்தின் பக்கமே போகவில்லை. மருந்துக்கடைக்காரர் மகள், ஊரில் யார் யார் என்ன சாப்பிட்டார்கள் என்று எழுதினாள். இன்னொருவன் மழை பெய்ய வைத்தான். மற்ற இருவரும் அந்த மழையை நிறுத்துவதிலேயே பொழுதைக் கழித்தார்கள். பூச்சியிடம் தாள் வந்ததும் அவள் எழுதினாள்: "விழுந்தது ஆமை அல்ல. அதன் தொப்பி." அப்பாடா!

"ஆமையை யானை மிதித்தது. செத்தது," என்று எழுதினான் வாலு.

அதற்கு அடுத்த நாள் பூச்சி: "யானை மிதித்ததில் ஆமைக்கு நெடுநாளாக இருந்த முதுகுவலி பறந்துபோனது."

வாலு: "ஆமையைப் பீரங்கியால் சுட்டார்கள். செத்தது."

பூச்சி: "குண்டு ஓட்டில் பட்டு, வந்த வழியே திரும்பிப் போய், பீரங்கிக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது."

இவன் சாகடிக்க, அவள் பிழைக்க வைக்க, கோடை இப்படியே கழிந்தது. அவள் எழுதும்போதெல்லாம் வாலு பின்னால் வந்து நின்று, கழுத்தை நீட்டி, அவள் தோளில் மூச்சு விட்டுக்கொண்டே பார்ப்பான். "போய் உன் இடத்துல உக்காருடா!" என்று அவள் விரட்டினால் மேசையைச் சுற்றி ஓடிவிட்டு மறுபடியும் வந்து நிற்பான்.

முடிவதற்கு முந்தின நாள் அவன் எழுதியதுதான் பூச்சியின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டது. "ஆமை செத்தது. நிஜமாகவே செத்தது. தொப்பி இல்லை. முதுகுவலி இல்லை. டாக்டரும் பார்த்துவிட்டார்."

அன்று வீடே இரண்டுபட்டது.

"அம்மா, என் ஆமையை இவன் நிம்மதியா இருக்கவே விடமாட்டேங்கிறான்!"

"சின்னப் பையன்டி. விட்டுக்கொடேன்."

"எத்தனை தடவைம்மா விட்டுக்கொடுக்கிறது? நாளைக்குக் கதை முடியுது. செத்த ஆமையை வெச்சு யாராவது புக் போடுவாங்களா?"

வாலு தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சிரித்தான். அந்தச் சிரிப்பில் பூச்சிக்குள் ஏதோ பட்டென்று அறுந்துவிட்டது. சரிடா, உனக்குச் சாவுதானே வேண்டும்? வாங்கிக்கொள்!

கடைசி நாள் காலை, அவள் ஆமையை எழுப்பவில்லை. அடக்கம் செய்தாள். ஊரே வரிசையில் நின்றதை எழுதினாள். நடக்கத் தெரியாத குழந்தைகள்கூட ஆமையை முந்திவிடாமல் பின்னாலேயே தவழ்ந்து வந்ததை எழுதினாள். கடைசியில் திருடனே வந்து, திருடிய கடிகாரங்களை எல்லாம் குழியின் ஓரத்தில் வைத்தான். "இனி இதெல்லாம் எனக்கு எதற்கு? என்னைத் துரத்த ஆளில்லையே" என்றான். அதை எழுதும்போது பூச்சிக்கே கண்ணீர் கண்ணை மறைத்தது. வீம்புக்கு ஆரம்பித்தது, அழுகையில் வந்து நின்றது. பேனாவை வைத்துவிட்டு எழுந்தாள்.

பின்னால் தோளுக்கு மேல் மூச்சு சத்தம் இல்லை. விசும்பல் சத்தம்தான் கேட்டது.

"அக்கா, என்ன இப்படிப் பண்ணிட்ட?" என்றான் வாலு. மூக்கு சிவந்திருந்தது.

"நானா? நீதானேடா சாகடிச்ச!"

"நீ எழுப்புவேன்னுதானே சாகடிச்சேன்! எப்படி எழுப்புறேன்னு பாக்கத்தானே தினமும் வந்தேன்!"

பூச்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடப்பாவி, இத்தனை நாளும் என் கதைக்கு இவனைவிட ஆசையாகக் காத்திருந்தவன் வேறு யாருமே இல்லையா! உடனே பேனாவைப் பிடுங்கி ஆமையை எழுப்பிவிடலாம் போலிருந்தது. ஆனால் அவள் முறை முடிந்துவிட்டது.

"சட்டம்னா சட்டம்," என்றார் நூலகர் அக்கா. "இனி வாலு கையிலதான் இருக்கு."

சாகடிக்க மட்டுமே தெரிந்த கை அது. மத்தியானம் முழுக்க அந்தப் பையன் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே! பேனாவைக் கடித்தான், சட்டைக் காலரைக் கடித்தான். பிறகு எழுந்து போய், கதவோரம் கதை ஆரம்பித்த இடத்திலிருந்து சுவரைச் சுற்றி நடந்து, ஒரு வரி விடாமல் படித்தான். மருந்துக்கடைக்காரர் மகளின் சாப்பாட்டுப் பட்டியலைக்கூட விடவில்லை. அப்புறம் குப்புற விழுந்து, கையால் மறைத்துக்கொண்டு, எழுதினான். யாருக்கும் காட்டவில்லை.

மாலை வந்தது, பெற்றோர்களும் வந்தார்கள். அக்கா சுவரோடு நகர்ந்து நகர்ந்து வாசித்தார். அடக்கம் வந்தபோது மருந்துக்கடைக்காரர் மூக்கைச் சிந்தினார். இன்னும் ஒரே ஒரு துண்டுதான் பாக்கி. வாலு மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டான்.

அக்கா வாசித்தார். "மண்ணைத் தள்ளும்போது ஆமை கண்ணைத் திறந்தது. 'என்னய்யா அவசரம்?' என்று கேட்டது. 'நான் எதையும் மெதுவாகத்தான் செய்வேன். சாவதையும் மெதுவாகத்தான் செய்வேன். இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறேன். செத்து முடிக்க இன்னும் இருநூறு வருடம் ஆகும். அதுவரை டியூட்டிக்கு வருவேன். டேய் திருடா, ஓடு! துரத்துகிறேன்!'"

கூடம் அதிர்ந்தது. மருந்துக்கடைக்காரர் அழுகையும் சிரிப்புமாகப் புரை ஏறி இருமினார். "சத்தம் போடாதீங்க!" என்று கத்த வாயெடுத்த அக்கா, கைதட்டப் போய்விட்டார்.

பூச்சி மேசைக்கு அடியில் புகுந்து வாலுவின் காதைப் பிடித்தாள். ஆமை பிழைத்த சந்தோஷம் ஒரு பக்கம், இது தனக்குத் தோன்றாமல் போயிற்றே என்ற பொறாமை மறுபக்கம். இரண்டையும் சேர்த்து அந்தக் காதில் திருகினாள்.

"ஏன்டா, இவ்வளவு நல்லா எழுத வருதே, இதை முதல் நாளே எழுதறதுக்கு என்னடா கேடு?"

"முதல் நாள் எனக்கு அந்த ஆமையைப் பிடிக்கவே இல்லையே அக்கா," என்றான் வாலு.

அவள் காதை விட்டாள்.