கனிசியஸ் அண்ணையின் குழாய்

30.10.2025, வியாழன்

பெயர்ச்சீட்டை வெறுங்குழாயில் ஒட்டிவிட்டே சிறுநீர் மாதிரி வாங்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை நான் வாங்கிய பிறகுதான் ஒட்டினேன். சிறிய பிழை என்றே நினைத்திருந்தேன்.

இன்று மாலை வகுப்பில் உதயகலா மிஸ் எங்கள் மாதிரிகளைத் திணிவு நிறமாலைமானியில் ஓட்டினார். சிறுநீரில் என்னென்ன பொருள்கள் இருக்கின்றன என்று மூலக்கூறுகளின் திணிவை வைத்து அது காட்டும். பட்டினி கிடந்தால் உடல் கொழுப்பை எரிக்கும். அப்போது உண்டாகும் கீற்றோன் என்ற பொருளுக்குரிய கோடு திரையில் உயரும்.

ஞாயிறு கந்தசஷ்டி விரதத்தின் ஐந்தாம் நாள். தண்ணீர் மட்டும்தான் குடிக்கிறேன் என்று வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தவன் பிரகாஸ். அவனுடைய கோடு தரையோடு கிடந்தது. எங்களோடு படிக்கும், கத்தோலிக்கரான கனிசியஸ் அண்ணையின் கோடோ திரையின் உச்சியைத் தொட்டது.

"குழாய் மாறியிருந்தா எல்லாத்தையும் கொட்டவேணும், நிவேதனா," என்றார் மிஸ். "நாளையோடை மெஷினும் எங்களுக்கு இல்லை."

வெளியே போய்க் கனிசியஸ் அண்ணையைத் தனியே பிடித்தேன்.

"அண்ணை, ஞாயிறு என்ன சாப்பிட்டனீங்கள்?"

அவர் சுற்றிலும் பார்த்தார்.

"ஒண்டுமில்லை, தங்கச்சி. மனிசி கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் தண்ணியோடை இருக்கேக்கை எனக்கு மட்டும் சோறு இறங்குமோ? வேலையிலை சாப்பிட்டனான் எண்டு அவளுக்குப் பொய் சொன்னனான். தலையிடி தாங்கேலாமல் பனடோல் ஒண்டுதான் போட்டனான்."

பனடோல்! அதில் இருப்பது பரசிற்றமோல். நான் உள்ளே ஓடினேன்.

"மிஸ், பரசிற்றமோலைத் தேடிப் பாருங்கோ!"

மிஸ் அதன் திணிவைத் தட்டினார். கனிசியஸ் அண்ணையின் பெயர் ஒட்டிய குழாயில் மட்டும் ஒரு கூரிய கோடு எழுந்தது. பிரகாஸின் குழாயில் ஒன்றுமில்லை. நம்பாமல் திரும்பவும் பார்க்கச் சொன்னேன். அதேதான். குழாய் மாறவில்லை!

"கொட்டத் தேவையில்லை," என்று மிஸ் சிரித்தார். நான் கத்திவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்து வகுப்பில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பிரகாஸ் வாசலில் என்னை மறித்தான்.

"நெல்லியடியிலை கொத்துரொட்டி வாசம் வந்தா மனுசன் என்ன செய்யிறது? அம்மாவிட்டைச் சொல்லிப்போடாதை."

"நான் ஏன் சொல்லுறன்? அதுதான் மெஷினே சொல்லிப்போட்டுதே."

கனிசியஸ் அண்ணை ஏன் பட்டினி கிடந்தார் என்பதை நான் யாருக்கும் சொல்லவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க நாளை இன்னொரு மாதிரி தர இருவரும் சம்மதித்துவிட்டார்கள். இப்போது இருவரும் சாப்பிடுகிறார்கள். அண்ணையின் கோடு இறங்கியிருக்கவேண்டும்.

நாளை: முதலில் வெறுங்குழாய்களில் பெயர்ச்சீட்டு ஒட்டவேண்டும். பிறகு மாதிரி வாங்கவேண்டும்.