கண் எழுதுகிறவன்

போட்டுக்கொடுத்தது பிச்சையாதான். ஸ்டெர்லினுக்கு அதில் ரெண்டாம் யோசனையே இல்லை. இந்தத் தாராவிப் பிள்ளையார் சிலைப் பட்டறையில் அவன் பெயர் செல்வம். முதலாளி வானமாமலை வைத்த பெயர். "பிள்ளையாருக்குக் கண்ணு எழுதுறவன் ஸ்டெர்லின்னா எவம்லே வாங்குவான்?" என்று சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார். அவன் வேதக்காரன் என்பது முதலாளிக்கும், கம்ப்ரசர் வைத்துச் சிலைக்குக் கலர் அடிக்கிற பிச்சையாவுக்கும்தான் தெரியும் என்று நினைத்திருந்தான்.

காலையில் முதலாளிக்குப் போன், சதுர்த்திக்குப் பிள்ளையார் வைக்கிற செம்பூர் மண்டலிலிருந்து. கண் எழுதுகிறவன் கிறிஸ்டியனாமே, சாயங்காலம் வருகிறோம், சரிப்படவில்லை என்றால் மூர்த்தியை வேறு பட்டறைக்குத் தூக்கிவிடுவோம். செம்பூர் போனால் மாட்டுங்கா மண்டலும் போகும். அப்புறம் ஸ்டெர்லினுக்கு இங்கே என்ன வேலை?

"யார்ட்டலே சொன்ன?" என்றான், பிச்சையாவின் கலர் பைப்பை மிதித்துக்கொண்டு.

"கால எடு. எனக்கு வேற சோலி இல்ல பாரு. உங்க கோயில் ஆளுகளக் கேளு. உன் மேலயே கண்ணா இருக்கது அவங்கதான்."

அதுவும் உறைத்தது. போன ஞாயிறு ஜெபக்கூட்டத்தில் ஒருத்தி அவன் மனைவி சுனிதாவிடம், "பிள்ளையாருக்குக் கண்ணு வச்ச கையோட உங்க வீட்டுக்காரர் சாமியார்ட்ட எப்படிக்கா நன்மை அப்பம் வாங்குதாரு?" என்று கேட்டிருக்கிறாள். சுனிதா வீட்டுக்கு வந்து சோற்றுத்தட்டை நங்கென்று வைத்தாள். "கதவுக்குப் பெயின்ட் அடிக்க மாதிரிதான் பிள்ள" என்றான். அவளும் நம்பவில்லை, அவனும் நம்பவில்லை. கதவுக்கு யாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடிப்பதில்லை.

சாயங்காலம் மண்டல் செயலாளர் நகுல் வந்தான். செம்பூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழன். வணக்கம்கூடச் சொல்லாமல் போனை நீட்டினான். முன்பு மூர்த்தியைப் பார்க்க வந்தபோது அவனே எடுத்த ரீல். டோல் மேளச் சத்தத்துக்கு நடுவே ஸ்டெர்லின் பலகைமேல் நிற்கிறான். பிரஷ் பிடித்த கை நெற்றிக்குப் போகிறது, நெஞ்சுக்கு, இடது தோள், வலது தோள். விரலை முத்தமிட்டுவிட்டு இமைக்கோடு இழுக்கிறான்.

இப்படிச் செய்கிறோம் என்பதே ஸ்டெர்லினுக்குத் தெரியாது.

"தினம்தான் சிலுவை போடுதான்," என்றான் பிச்சையா. "இங்க பாக்காதவன் எவன்? கண்ணு சரியா விழுதேன்னு யாரும் வாயத் தொறக்கல."

"கண்ணுல தப்பு சொல்லல அண்ணா," என்றான் நகுல். "மண்டல்ல டவுட் வந்துருச்சு. கருமணி பாக்கி இருக்குல்ல, என் முன்னாடி போடுங்க. இது பண்ணாம." நெற்றியைத் தொட்டுக் காட்டினான்.

ஸ்டெர்லின் பலகைமேல் ஏறினான். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். ஒரு கருமணி, இன்னொன்று. வெள்ளைப் புள்ளி வைத்ததும் பிள்ளையார் கீழே நின்றவர்களைப் பார்த்தார். நகுலின் கை தானாகக் கும்பிட்டது. கும்பிட்டபடியே கேட்டான்:

"மனசுக்குள்ள போட்டீங்களா?"

இல்லை என்று சொல்லச் சொல்லி வானமாமலை நகுலுக்குப் பின்னாலிருந்து தலையை ஆட்டினார்.

"போட்டேன்," என்றான் ஸ்டெர்லின். "வேண்டாம்னா இப்பமே அழிச்சிருதேன்." டர்பன்டைன் துணியை எடுத்தான்.

நகுல் ரெண்டடி முன்னால் பாய்ந்து அவன் காலைப் பிடித்தான். "தொறந்த கண்ண யாராவது அழிப்பாங்களா? வைங்க கீழ." மூச்சு வாங்கினான். "நாளைக்கு டெம்போ அனுப்பறேன். மண்டல்ல யாராவது கேட்டா போடலைன்னு சொல்லுங்க."

"கேட்டா போட்டேன்னுதான் சொல்லுவேன்."

நகுல் வாசலில் நின்று ஸ்டெர்லினின் கையை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனான்.

"வாய்க்கொழுப்பு," என்றார் வானமாமலை. "மாட்டுங்கா மூர்த்திய ஆரம்பி. இன்னமே வாசலுக்கு முதுகக் காட்டி நின்னுதான் எழுதணும். எவன் போன்லயும் விழக்கூடாது."

மாட்டுங்கா மூர்த்தி வாசலைப் பார்த்து நின்றது. ஸ்டெர்லின் அதன் அடிப்பலகையைப் பிடித்தான்.

"பிச்சையா, ஒரு கை குடு. இவரத் திருப்பணும். வாசலுக்கு இவரு முதுகக் காட்டட்டும், நான் வாசலப் பாத்து நிக்கேன்."

"வெளிச்சம் முகத்துல விழாதேலே."

"பல்ப் போட்டுக்கிடுதேன்."

பிச்சையா முதலாளியைப் பார்த்தான். "கிறுக்குப்பய," என்று சொல்லிக்கொண்டே மறுமுனையைப் பிடித்தான்.