ஒரு கைக் கோட்டு

என் நண்பரான கீழ்வீட்டுத் தையல்காரர், தனக்கு மாப்பிள்ளையாக வரப்போகும் பையனுக்குத் தைத்த கல்யாணக் கோட்டுக்கு ஒரு கைதான் இருந்தது. இன்னொரு கை தையல் மிஷின்மேல் அநாதையாகக் கிடந்தது. அளவு கொடுக்க வந்த பையன் கிளம்பும்போது அவர் தோளில் தட்டி, "தேங்க்ஸ், டியூட்" என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து தெருவிலிருந்த காற்று மொத்தத்தையும் இவர் ஒருவரே பெருமூச்சாக விட்டுத் தீர்த்துக்கொண்டிருந்தார்.

கோபம் வந்தால் மனிதர் சண்டை போடமாட்டார், தையலை நிறுத்திவிடுவார். எதிர்க்கடைக்காரர் ஒருமுறை ஏதோ குறை சொல்லிவிட்டு, தன் பேண்ட்டின் மறுகாலுக்காக ஒரு கோடை முழுக்கக் காத்திருந்தார்.

அவர் மகள் மாடியேறி என்னிடம் வந்தாள். "அடுத்த வாரம் கல்யாணம், மாமா. அப்பா அந்தக் கோட்டத் தொடவே மாட்டேங்கறார். என்கிட்டயும் பேசறதில்ல. மரியாத தெரியாத வீட்டுக்குப் பொண்ணக் குடுக்கணுமான்னு அம்மாகிட்ட கேட்டாராம்."

ஓய்வு பெற்றவனுக்கு இதைவிட என்ன வேலை? கதவளவு அகராதியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினேன்.

'டியூட்' என்ற அந்தச் சொல் எப்படிப் பிறந்தது என்று திட்டமாகச் சொல்வாரில்லை. உடையில் மினுக்கித் திரிந்த ஆண்களைக் கேலி செய்ய ஒரு காலத்தில் பயன்பட்டது. பிறகு தேய்ந்து தேய்ந்து, கூட்டாளியைக் கூப்பிடும் சொல்லாயிற்று. நான் கேலியை மட்டும் கத்தரித்துவிட்டு மிச்சத்துக்குச் சரிகை வைத்தேன். நன்றாக உடுத்தியவரைக் கண்டால் ஊரே எழுந்து நின்று 'டியூட்' என்றது, குதிரைகள்கூட ஒதுங்கி வழிவிட்டன, உடுத்தியவனுக்கே அப்படியென்றால் தைத்தவனுக்கு எப்படி என்றெல்லாம் அளந்தேன்.

"குதிரையுமா?" என்றார்.

"குதிரைதான் முதல்ல."

மறுநாள் பையன் வந்தபோது கோட்டுக்கு இரண்டு கை. போட்டுப் பார்த்தவன், பழக்கதோஷம், "சூப்பர், டியூட்" என்றான். மகள் முகம் வெளுத்தது. வாய் நிறையக் குண்டூசி வைத்திருந்தவர் ஒவ்வொன்றாக எடுத்து விளிம்பில் குத்தினார். பிறகு நிதானமாக, "கையத் தூக்குங்க, டியூட்" என்றார்.

அவன் கண்ணாடிப் பக்கம் போனதும் என்னிடம் குனிந்தார்.

"அண்ணே, அந்தக் குதிரைய நான் நம்பல. ஆனா கைய வெச்சுத் தைக்க எனக்கும் ஒரு சாக்கு வேணுமில்ல?"

கண்ணாடிமுன் மகள் அந்தப் புதுக் கையிலிருந்து நூல் பிசிறு எடுத்துக்கொண்டிருந்தாள். இவர் மிச்சமிருந்த ஒரு குண்டூசியைத் தன் சட்டைக் காலரில் குத்திக்கொண்டு, காலரை லேசாகத் தூக்கிவிட்டுக்கொண்டார்.