எழில்மதியின் கரித்தாள்கள்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் சங்கராபுரம் வண்டிக்காகக் காத்திருந்தபோது பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுக் கேட்டுப் பிடுங்கியது. அவர் பெயர் வீரமணி. சொன்னதெல்லாம் அவர் பக்கம். அவருடைய தங்கை எழில்மதியின் பக்கத்தை நான்தான் எழுதியாக வேண்டும். வருமா என்ற சந்தேகத்தோடுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: கல்வராயன் மலையின்மேல் மேகங்கள் மெல்ல—

வேண்டாம். அவள் மலைக்குப் போகவே இல்லை.

இரண்டாவது தொடக்கம்: 1987 செப்டம்பர். சென்னையில் துணி வடிவமைப்பு படித்த எழில்மதி, இறுதியாண்டுத் தேர்வுக்கான சேலைக்கு ஒரு வடிவம் தேடி ஊருக்கு வந்தாள். மலைக்குப் போய்க் காட்டுப்பூ வரைவதாகத் திட்டம். வந்த மறுநாளே சாலை மறியல். இடஒதுக்கீடு கேட்டு ஊரே ரோட்டில் இருந்தது. புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை.

இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

வடிவம் இல்லாவிட்டால் பட்டம் இல்லை. அந்தக் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவள் அவள் ஒருத்திதான். ரோட்டோரமாக நடந்தே போனாள். வெட்டிய மரத்தின் அடிக்கட்டையில் தாளை விரித்து அடுப்புக்கரியால் தேய்த்தாள். கோடாலி வெட்டுகள் செதில் செதிலாகத் தாளில் ஏறின. ஒவ்வொரு செதிலிலும் ஒரே இடத்தில் மெல்லிய கோடு. அடுத்த மரத்திலும் அதே கோடு. அன்று அவள் தாள் விரித்த ஆறு மரத்திலும் இருந்தது. திரும்பத் திரும்ப வரும் ஒன்றைத்தானே அவள் தேடிக்கொண்டிருந்தாள்!

கல்லூரிப் பழக்கப்படி ஒவ்வொரு தாளின் மூலையிலும் எடுத்த இடம், மரம், தேதி எழுதினாள். எழுதாவிட்டால் மதிப்பெண் போய்விடும்.

(இங்கேதான் அவள்மேல் எனக்குச் சந்தேகம். கோடாலி முனையில் ஓரிடம் பெயர்ந்திருந்தால் வெட்டில் இப்படிக் கோடு விழும். அவள் வீட்டுக் கோடாலி அப்படித்தான் பெயர்ந்திருந்தது. அதில் விறகு பிளந்து வளர்ந்தவளுக்குத் தெரியாதா? "தெரியாது" என்று நாலு தடவை எழுதிப் பார்த்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. தெரிந்திருந்தது. வடிவம் அழகாக இருந்தது, வைத்துக்கொண்டாள்.)

4

(கதைக்குள் வீரமணிக்கு இருபத்தைந்து வயது. "அவன்" என்றே எழுதுகிறேன்.)

வீட்டுக்குள் கொடியில் தொங்கிய தாள்களை அவன் குனிந்து பார்த்தான்.

"இன்னா எழிலு இது, வூடு பூரா கரியாக்கி வெச்சிக்கினு கீற?"

"பாஸாவுறதுக்குண்ணா."

"அப்ப சரி. நாங்க ரோட்ல நிக்கறதும் உன்னாட்டம் நாலு புள்ளைங்க படிக்கத்தான்."

அவள் அப்போதாவது கோடாலியைப் பற்றி—

இல்லை. சொல்லவில்லை.

5

மறியல் முடிந்த மூன்றாம் நாள் போலீஸ் வீடு வீடாக வந்தது. வீரமணியை வாசலில் நிறுத்தி விசாரித்தார்கள். சாட்சி யாரும் இல்லை. விட்டுவிட்டுக் கிளம்பும் நேரத்தில், உள்ளே போயிருந்த எஸ்.ஐ. தாள்களோடு வெளியே வந்தார்.

"சங்கராபுரம் ரோடு, புளி, பத்தொம்பதாந் தேதி. எந்த மரம், எங்க, என்னிக்கின்னு ஒண்ணு விடாம எழுதி வெச்சிருக்கீங்களே! யார் எழுத்துடா இது?"

வீரமணி தங்கை பக்கம் திரும்பவே இல்லை.

"என் எழுத்துதாங்க" என்றான்.

ஜீப்பில் ஏறச் சொன்னார்கள். எஸ்.ஐ. தாள்களை நாலாக மடிக்கப் போனார். எழில்மதி அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"சார், மடிக்காதீங்க. கரி அழிஞ்சிடும்."

6

அவளைக் காப்பாற்ற மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில், "அது என் எழுத்து சார்" என்று ஜீப்பின் பின்னால் ஓடுகிறாள். ஒன்றில், தாள்களைப் பிடுங்கிக் கிழித்துப்போடுகிறாள். இன்னொன்றில், பட்டமே வேண்டாம் என்று ஊரிலேயே—

மூன்றையும் அடித்துவிட்டேன். எதை எழுதினாலும் "மடிக்காதீங்க" என்ற அந்த வார்த்தை முன்னாலேயே வந்து நிற்கிறது. அவள் கெட்டவள் இல்லை. கையிலிருந்த வேலையைத்தான் அவள் கண் முதலில் பார்த்தது. எழுதுகிற எனக்கு அது தெரியாதா என்ன?

"உங்க தங்கச்சி அதோட நிறுத்திட்டாங்களா?" என்று வீரமணியிடம் கேட்டேன்.

"இல்ல சார். அதுக்கப்புறமும் அழுதுக்கினே இன்னாவோ சொல்லிச்சி. என் காதுல வுழல."

அவருடைய வண்டி வந்துவிட்டது. அவர் ஏறிக்கொண்டார்.

அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்கு எழுத வரவில்லை. உங்களுக்கு வந்தால் எழுதுங்கள். ஜீப்பில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.